இலக்குக்கு எதிர்த்திசையில் போகும் ரோபோ: எக்ஸெல்லில் ஒரு கணக்கு

ரோபோ நிற்பது 2-ஆம் மீட்டரில். போக வேண்டியது 0-க்கு. விளக்கு எரிவதோ 5-இல். விளக்கைவிட்டு விலக விலக அதன் கேமரா தடுமாறும். நேரே போவதா, விளக்கடிக்குப் போய்விட்டுத் திரும்புவதா? பிளாட், டெட்ரேக், கேல்ப்ளிங், லொசானோ-பெரெஸ் நால்வரும் 2010-இல் எழுதிய ஆய்வுக்கட்டுரையில் வரும் 'வெளிச்சம்-இருட்டு' கணக்கை ஒரே கோட்டில் சுருக்கியிருக்கிறேன். எண்களில் சில அந்தக் கட்டுரையிலிருந்து, மற்றவை என்னுடையவை.

படி 1. தான் நிற்கும் இடம் ரோபோவுக்குத் தெரியாது, ஊகம்தான் உண்டு. அதற்கு இரண்டு நெடுவரிசை போடுங்கள்: சராசரி 2, வேரியன்ஸ் (ஊகம் எவ்வளவு பரந்து கிடக்கிறது என்பதன் அளவு) 5.

படி 2. கேமரா பிழையின் வேரியன்ஸ்: (5 − இடம்)² ÷ 2 + 0.1. விளக்கடியில் 0.1, இலக்கில் 12.6.

படி 3. கால்மன் ஃபில்டர்: பழைய ஊகத்தையும் புதிதாகப் பார்த்ததையும் கலந்து ஊகத்தைத் திருத்தும் முறை. பாதையில் ஒவ்வொரு மீட்டரிலும் ஒருமுறை பார்த்தபின்,

புதிய வேரியன்ஸ் = பழையது × பிழை ÷ (பழையது + பிழை)

புறப்படும் இடத்தில் 5 × 4.6 ÷ 9.6, அதாவது ஏறத்தாழ 2.4. இந்தச் சூத்திரத்தை உற்றுப் பாருங்கள்: கேமரா என்ன பார்த்தது என்பதே இதில் இல்லை, எங்கிருந்து பார்த்தது என்பது மட்டும்தான் இருக்கிறது. 'எதிர்பார்த்ததைத்தான் பார்க்கும்' என்று வைத்துக்கொண்டால் சராசரியும் கட்டளைப்படியே நகரும். ஆக, ரோபோவை நகர்த்தாமலே முழுப் பாதைக்கும் நிச்சயமின்மையைக் கணக்கிட்டுவிடலாம். வேகத்தைப் போல அதுவும் நாம் கட்டுப்படுத்தக்கூடிய ஒரு நிலை ஆகிவிடுகிறது.

படி 4. செலவு: மீட்டருக்கு 1, கடைசி வேரியன்ஸுக்கு 20 மடங்கு. (சக்கரம் வழுக்குவதை விட்டுவிட்டேன்.) நேரே போனால் 2 மீட்டர், வேரியன்ஸ் 1.61, செலவு 34.2. விளக்கைத் தொட்டுத் திரும்பினால் 8 மீட்டர், 0.066, செலவு 9.3. 4-இலேயே திரும்பினால் 11.8; 6 வரை போனாலும் 10-ஐத் தாண்டுகிறது. அந்த 20-ஐ 1 ஆக்கிப் பாருங்கள், நேர்வழியே ஜெயிக்கும்.

பாடப்புத்தக எல்க்யூஜி (LQG: கால்மன் ஃபில்டரையும் ரோபோவை ஓட்டும் கன்ட்ரோலரையும் இணைக்கும் முறை) இந்தச் சுற்றுவழியை எடுக்காது. அங்கே கேமரா பிழை எங்கும் ஒன்றே. எங்கு போனாலும் வேரியன்ஸ் ஒரே மாதிரி குறையும். அதனால்தான் ஃபில்டரையும் கன்ட்ரோலரையும் தனித்தனியாக வடிவமைக்க முடிகிறது.

படி 5. இனி ஓட்டலாம். ஊகத்தின் சராசரி, திட்டமிட்ட பாதையைவிட்டுச் சற்று விலகினால் எல்க்யூஆர் (LQR, விலகலைத் திருத்தும் கன்ட்ரோலர்) இழுத்துப் பிடிக்கும். வெகுவாக விலகினால் படி 1-இலிருந்து மறுபடி திட்டமிடுங்கள். ஒரே மாதிரி இரண்டு கதவு இருந்து, எதன் முன் நிற்கிறோம் என்பதே குழப்பமானால் ஒற்றைச் சராசரி போதாது. அங்கே, ஊகத்தைப் பல புள்ளிகளாக வைத்திருக்கும் பார்ட்டிகிள் ஃபில்டர் போன்ற ஒன்று வேண்டும்.