துணிப்பை பட்டர்ன் எழுதும்போது: 5 செ.மீ. எங்கிருந்து?

"மூலையில் 5 செ.மீ. சதுரம் வெட்டவும்." அகலமான அடி வைத்த பைகளின் பட்டர்ன்களில், அதாவது வெட்டும் அளவும் தைக்கும் படிகளும் எழுதிய தாள்களில், அடிக்கடி வரும் வரி இது. வெட்டிய மூலையை விரித்துத் தைக்கும்போதுதான் அடிக்கு அகலம் வரும். இதை இரண்டு விதமாக வெட்டலாம். சுற்றிவரத் தையலுக்கு 1 செ.மீ. விட்ட துணியில், வெட்டு ஓரத்திலிருந்து 5 செ.மீ. அளந்து வெட்டினால் தைத்து முடிந்த அடி 10 செ.மீ. அகலம் வரும். தையல் கோட்டிலிருந்து அளந்தால் 12 செ.மீ. வரும், பையின் உயரமும் 1 செ.மீ. குறையும். வெளித்துணியை ஒரு விதமாகவும் லைனிங்கை (உள்துணியை) மற்ற விதமாகவும் வெட்டிவிட்டால் பிறகு எவ்வளவு அயன் பண்ணினாலும் உள்ளே இழுத்துக்கொண்டுதான் நிற்கும். "வெட்டு ஓரத்திலிருந்து" என்று எழுதியிருந்தால் இந்தத் துணி வீணாகாது.

வெட்டும் அளவையும் முடிந்த அளவையும் சேர்த்தே எழுதுங்கள். லைனிங் இல்லாத சந்தைப் பை ஒன்றுக்கு இப்படி: உடல் துண்டு 42 செ.மீ. அகலம், 44 செ.மீ. உயரம், இரண்டு துண்டு. கைப்பிடி 10 செ.மீ. அகலம், 60 செ.மீ. நீளம், இரண்டு துண்டு. வாய் மடிப்பு முதலில் 1 செ.மீ., பிறகு 3 செ.மீ. முடிந்த பை: வாய் 40 செ.மீ., உயரம் 34 செ.மீ., அடி 30 செ.மீ.க்கு 10 செ.மீ. தைப்பவர் நாடாவை வைத்துப் பார்த்தால் எந்தப் படியில் பிழைத்தது என்று தானே பிடித்துவிடுவார்.

யாழ்ப்பாணத்தில் இஞ்சியில் தைத்துப் பழகிய கைகள் அதிகம். அளவு நாடாவின் ஒரு பக்கம் இஞ்சி, மறுபக்கம் செ.மீ. "தையலுக்கு 1 விடவும்" என்று வெறுமனே எழுதினால் ஒரு இஞ்சி பிடித்துத் தைப்பார்கள். 40 செ.மீ. வரவேண்டிய வாய் 37 செ.மீ.க்குள் போய்விடும். ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் அலகு இருக்கட்டும், அலுப்பாக இருந்தாலும்.

துணிக்கடையிலும் இதே கதை. "அரை போதும்" என்றால் அரை யாரா (யார் என்பது 36 இஞ்சி, ஒரு கெஜம்), அரை மீற்றரா? இந்தப் பைக்கு இரண்டுமே காணாது. 36 இஞ்சி அகலத் துணியில் உடல் துண்டுகள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கைப்பிடிகளைக் குறுக்காகப் போட்டால் 64 செ.மீ. நீளம் வேண்டும். முக்கால் யார் என்றால் 68.6 செ.மீ., நனைத்துச் சுருங்கவும் கொஞ்சம் மிஞ்சும். கைப்பிடியை நெடுக்காக வைக்கப் பார்த்தால் பக்கத்தில் 7 செ.மீ.தான் இருக்கும், இடம் வராது. ஆகவே வெட்டும் படமொன்றைக் கீறிக் கொடுங்கள். பூவோ யானையோ நிமிர்ந்து நிற்கும் துணியானால், அடியில் மடித்து ஒரே துண்டாக வெட்டவேண்டாம் என்றும் எழுதுங்கள். பின்பக்கத்து யானை தலைகீழாக நிற்கும்.

வளைந்த துண்டுகளை அச்சடித்துக் கொடுப்பதானால் தாளில் 5 செ.மீ. சதுரமொன்று வையுங்கள். கொப்பி எடுக்கும்போது அது 4.8 ஆகியிருந்தால் 42 செ.மீ. துண்டு 40.3 ஆகிவிடும்.

படிகளின் வரிசைதான் ஆகக் கூடுதலாகப் பிழைக்கும் இடம். லைனிங் பையில், பையைப் புரட்டி எடுக்க விடும் வாசலுக்கான "அடியில் 12 செ.மீ. தைக்காமல் விடவும்" என்பது அடியைத் தைக்கச் சொல்வதற்கு முன்னால் வரவேண்டும், அடுத்த படியில் அல்ல. கைப்பிடிக்கு: பக்கத் தையலிலிருந்து 11 செ.மீ. தள்ளி, நுனியை வாய் மடிப்புக்குள் செருகி, முறுக்கு விழவில்லை என்று பார்த்த பிறகு ஊசி குத்தச் சொல்லுங்கள்.

எழுதி முடித்ததும் அந்தப் பையைக் கண்டிராத ஒருவரிடம் தாளைக் கொடுத்துத் தைக்க விடுங்கள். பக்கத்தில் இருந்து வாயால் விளக்க வேண்டாம். அவர் நின்று யோசிக்கும் இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டு வாருங்கள்.