"காணோமே… இதோ!": கைக்குழந்தையோடு ஒளிந்து விளையாடுகையில் நாம் செய்யும் தவறுகள்

புதுச்சேரியின் தமிழர் பகுதியில் இன்னும் மிச்சமிருக்கும் முற்றம் வைத்த பழைய வீடுகளில், மரத்தூண் ஒன்றுக்குப் பின்னால் பாட்டி தலையை மட்டும் மறைத்துக்கொண்டு "ஆயா எங்க? காணோமே!" என்று கேட்பதும், மறுபக்கம் எட்டிப் பார்த்து "இதோ!" என்பதும், அம்மாவின் மடியில் இருக்கும் ஏழு மாதக் குழந்தை வயிறு குலுங்கச் சிரிப்பதும் அன்றாடக் காட்சி. தூணின் இருபுறமும் பாட்டியின் புடவை தெரிந்துகொண்டுதான் இருக்கும். குழந்தை அதைப் பொருட்படுத்துவதில்லை. இதே விளையாட்டைப் பிரெஞ்சுக்காரர்கள் "குக்கூ" என்று சொல்லி ஆடுகிறார்கள். சொல் மாறினாலும் ஆட்டம் மாறவில்லை: முகம் மறைகிறது, குரல் கேட்கிறது, முகம் திரும்ப வருகிறது.

இந்த விளையாட்டில் பெரியவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை ஒரே தப்பெண்ணத்திலிருந்து பிறக்கின்றன. குழந்தை திடுக்கிட்டுச் சிரிக்கிறது என்று நாம் நினைக்கிறோம். ஆகவே திடுக்கிடலைக் கூட்டினால் சிரிப்பும் கூடும் என்று கணக்குப் போட்டு, கதவுக்குப் பின்னாலிருந்து "பே!" என்று பாய்கிறோம். என் தம்பி ஒருமுறை இப்படிப் பூச்சாண்டி காட்டியதில், அதுவரை அவன் மடியைவிட்டு இறங்காத குழந்தை இரண்டு நாள் அவனிடம் போக மறுத்தது. உண்மையில் அந்தச் சிரிப்பில் திடுக்கிடலைவிட எதிர்பார்ப்பு நிறைவேறிய மகிழ்ச்சியே அதிகம். பாரட், கிளைட்மன் என்ற இரு உளவியலாளர்கள் 1989-இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு முதல் எட்டு மாதம் வரையான குழந்தைகளோடு இந்த விளையாட்டை ஆடிக்கொண்டே, இடையிடையே மறைந்தவருக்குப் பதிலாக வேறொருவரைத் தோன்றவைத்தார்கள். மறைந்தவரையே வேறு இடத்தில் தோன்றவும் வைத்தார்கள். திடுக்கிடல்தான் சிரிப்புக்குக் காரணம் என்றால், அந்த நேரங்களில் குழந்தைகள் அதிகமாகச் சிரித்திருக்க வேண்டும். ஆனால் அவர்கள் குறைவாகவே புன்னகைத்தார்கள். யார் வருவார், எங்கே வருவார் என்று அவர்கள் மனத்துக்குள் ஏற்கெனவே ஒரு முடிவோடு காத்திருந்தார்கள் என்பதே இதன் பொருள்.

ஆகவே "ஒரே மாதிரி செய்தால் குழந்தைக்கு அலுத்துவிடும்" என்று ஒவ்வொரு முறையும் புதுமை புகுத்துவது, குறிப்பாகத் தொடக்க மாதங்களில், தவறு. அலுப்பது நமக்குத்தான். ஒரே இடம், ஒரே சொல், ஒரே ராகம் என்று பத்து முறை ஆடிய பிறகு, "காணோமே" என்பதை ஒரு நொடி கூடுதலாக இழுத்துப் பாருங்கள். முகம் வெளிவரும் முன்பே குழந்தையின் உதட்டோரம் சிரிப்பு தொடங்கிவிடும். அடிப்படை மாறாமல் இருக்கும்போதுதான் இத்தகைய சிறு மாற்றம் சுவைக்கிறது. மறைந்திருக்கும்போது குரலையும் நிறுத்திவிடுவது இதோடு சேர்ந்த இன்னொரு பிழை. முகம் இல்லாத நேரத்தில் குழந்தைக்கு இருக்கும் ஒரே பிடி அந்தக் குரல்.

வெளியே வந்த முகம் எப்படி இருக்கிறது என்பதும் முக்கியம். 1970-களில் உளவியலாளர் எட்வர்ட் ட்ரானிக் நடத்திய சோதனைகளில், குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருந்த தாய் சில நிமிடங்கள் எந்த உணர்ச்சியும் காட்டாமல் முகத்தை வைத்துக்கொண்டபோது, குழந்தை முதலில் அவளைத் திரும்ப இழுக்க முயன்று, பிறகு வாடிப் போயிற்று. ஒரு கண்ணைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு, "இதோ" என்பதை வாயால் மட்டும் சொல்பவர்கள் இதை நினைவில் கொள்ளலாம்.

அடுத்தது, விளையாட்டைப் பரீட்சையாக்குவது. கண்ணுக்கு மறைந்த பொருளும் இருந்துகொண்டுதான் இருக்கிறது என்ற அறிவு குழந்தைக்குப் படிப்படியாகவே கைகூடுகிறது என்று சுவிட்சர்லாந்து அறிஞர் ழான் பியாஜே விளக்கினார். மறைத்த பொருளைக் குழந்தை தானே தேடி எடுப்பது ஏறத்தாழ எட்டு மாதத்தில் தொடங்குகிறது என்பது அவருடைய கணிப்பு; அந்த அறிவின் தொடக்கம் அதற்கும் பல மாதங்கள் முன்பே தென்படுகிறது என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. தேடத் தொடங்கிய பிறகும் ஒரு வேடிக்கை நீடிக்கும். கிலுகிலுப்பையைச் சிவப்புத் துண்டுக்குக் கீழே சில முறை ஒளித்து எடுக்கவிட்டு, பிறகு குழந்தையின் கண்ணெதிரிலேயே நீலத் துண்டுக்குக் கீழே வைத்தாலும், அது சிவப்புத் துண்டையே தூக்கிப் பார்க்கும். ஒரு வயதை நெருங்கும்வரை இது இயல்பு. "எதிர்வீட்டுப் பிள்ளை கண்டுபிடிச்சிடுச்சே" என்று ஒப்பிடுவதில் பயனில்லை.

விளையாட்டுக்கு வெளியே நடக்கும் தவறு ஒன்று உண்டு. அதையே நான் எல்லாவற்றிலும் பெரிதாகக் கருதுகிறேன். வேலைக்கோ மார்க்கெட்டுக்கோ கிளம்பும் தாய், குழந்தை அழும் என்று அஞ்சி, அது வேறு பக்கம் பார்க்கும் நேரத்தில் நழுவிவிடுகிறாள். மறைந்தவர் திரும்புவார் என்று விளையாட்டில் நூறு முறை கற்ற குழந்தைக்கு, சொல்லாமல் மறைந்து மணிக்கணக்கில் வராத முகம் குழப்பத்தையே தரும். பிரிவைக் கண்டு அழுவது முதல் வயதின் பிற்பகுதியில் வலுப்பதால், அந்த மாதங்களில் கையசைத்து "போய்ட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவதே மேல். அழுகை வரும், ஆனால் அது காரணம் தெரிந்த அழுகை.

துணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் நம் முகத்தையே மறைப்பது நல்லது. குழந்தையின் முகத்தில் போடுவதானால் மெல்லிய பருத்தித் துண்டை ஓரிரு நொடி போட்டு நாமே எடுத்துவிட வேண்டும். பிளாஸ்டிக் தாளோ பையோ விளையாட்டுக்குக்கூட அருகில் வரக் கூடாது. தூளியில் கிடக்கும் குழந்தைக்குத் தூளித்துணியின் விளிம்பிலிருந்து நாம் எட்டிப் பார்ப்பதே போதும்.

குழந்தை தலையைத் திருப்பிக்கொண்டாலோ, கொட்டாவி விட்டாலோ, முதுகை வில்லாக வளைத்தாலோ, அது போதும் என்று சொல்கிறது. அப்போது மோவாயைப் பிடித்துத் திருப்பி "இங்க பாரு, இங்க பாரு" என்று தொடர்பவர்கள் வீட்டுக்கு ஒருவராவது இருக்கிறார்கள். பெரும்பாலும் விருந்துக்கு வந்த உறவினர்.

ஒரு வயதைத் தாண்டும்போது ஆட்டம் கை மாறுகிறது. இந்த விளையாட்டை ஆராய்ந்த புரூனரும் ஷெர்வுடும் 1976-இல் எழுதியதுபோல, பார்வையாளராக இருந்த குழந்தை மெல்ல மெல்லத் தானே மறைபவராகிறது. பாட்டியின் முந்தானையை இழுத்துத் தன் கண்ணை மூடிக்கொண்டு, தான் முழுவதும் மறைந்துவிட்டதாக நம்பி நிற்கிறது. தொப்பையும் இரண்டு காலும் முற்றத்து வெயிலில் அப்படியே தெரிகின்றன. "அதான் தெரியுதே" என்று அப்போது சொல்லிவிடுபவர் ஆட்டத்தையே கலைக்கிறார். தூணைச் சுற்றி, கதவிடுக்கில், அம்மிக்குப் பின்னால் என்று பாட்டி தேடிக்கொண்டே போக வேண்டும், "காணோமே, காணோமே" என்று.