புதுப் பயனர் எண்ணிக்கை திடீரென்று எகிறினால் எங்கே பார்ப்பது?

கேரளத்தின் பாலக்காட்டு எல்லையில் கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம் பக்கம் பால் ஊற்றுகிறவர்கள் கணக்குப் பார்க்க ஒரு செயலி விட்டிருக்கிறீர்கள், டேஷ்போர்டில் புதுப் பயனர்கள் ஒரே நாளில் இரட்டிப்பாகிவிட்டார்கள் என்று வையுங்கள். உடனே சந்தோஷப்பட வேண்டாம். ஓடிபி சரிபார்த்த போன் எண்களை சர்வரில் எண்ணிப் பாருங்கள். அது ஏறவில்லை என்றால் ஆள் கூடவில்லை, அடையாள எண்தான் கூடியிருக்கிறது. செயலியை நீக்கி மறுபடி போட்டாலோ டேட்டாவை அழித்தாலோ இன்ஸ்டால் ஐடி, அதாவது செயலியைப் போடும்போது கிடைக்கும் அந்த அடையாள எண், பொதுவாகப் புதிதாகிவிடும், பழைய ஆளே புது ஆளாகப் பதிவாவார்.

அப்புறம் நேரம், இதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். டேஷ்போர்டின் நாள் கணக்கு யுடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில், ஓடினால், நாள் மாறுவது நமக்குக் காலை 5.30 மணிக்கு. 5.10க்குப் பதிவு செய்துவிட்டு 5.40க்குப் பால் ஊற்றியவர், அறிக்கையில் மறுநாளும் திரும்பி வந்தவராகத் தெரிவார். விடிகாலைத் தொழிலில் இது மறுநாள் திரும்பி வருகிறவர்களின் விகிதத்தையே பொய்யாக்கிவிடும். நாள் எல்லையை இந்திய நேரத்துக்கு மாற்றி மறுபடி ஓட்டுங்கள்.

சிக்னல் விட்டு விட்டு வரும் ஊர்களில் செயலி பதிவு செய்யும் நிகழ்வுகள் போனிலேயே தேங்கி மொத்தமாக வந்து விழும், அதனால் போன் காட்டிய நேரம், சர்வருக்கு வந்த நேரம் இரண்டின் இடைவெளியையும் பாருங்கள்.

சரி, இன்னும் பிடிபடவில்லையா? செயலியின் வெர்ஷன் வாரியாக, போன் மொழி வாரியாகப் பிரியுங்கள். மலையாளத்தில் பதிவு சரியாக நடந்து தமிழில் மட்டும் பாதியில் நின்றால், தமிழ்த் திரையை நீங்களே ஒரு சாதாரண போனில் கடைசிவரை ஓட்டிப் பாருங்கள்.

காரணம் கிடைத்ததும் டேஷ்போர்டில் இருந்த பழைய எண்ணிக்கையை அழிக்காமல் அந்தத் தேதியில் ஒரு குறிப்பு போட்டு வையுங்கள்.