ட்ரைசாலில் ஆர்.என்.ஏ. பிரித்தெடுப்பது: மேல் அடுக்கில் ஆசை வேண்டாம்

முருங்கை இலையிலிருந்து ஆர்.என்.ஏ. எடுக்க மூன்று வாரம் போராடினேன். வீடு புக்கிட் மெர்தாஜாமில், ஆய்வுக்கூடம் பினாங்குத் தீவில். வீட்டு மரத்தில் பறித்த இலையை ஐஸ் பெட்டியில் வைத்துப் பினாங்குப் பாலம் தாண்டிக் கொண்டுவருவேன். முதல் தவறு அதுதான். இலையைப் பறித்த பிறகும் செல்லுக்குள் இருக்கும், ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும் ஆர்.என்.ஏஸ் நொதி வேலை செய்துகொண்டேதான் இருக்கும், வெறும் ஐஸ் அதை நிறுத்தாது. இப்போது ஆய்வுக்கூடத்துக்குப் பக்கத்து மரத்தில் இளந்தளிராகப் பறித்து, அங்கேயே திரவ நைட்ரஜனில் போட்டுவிடுகிறேன்.

உரலையும் முன்கூட்டியே குளிரவைத்து, இலை இளகவிடாமல் மாவாக அரையுங்கள். 50 முதல் 100 மில்லிகிராம் மாவுக்கு 1 மில்லிலிட்டர் ட்ரைசால் (செல்லை உடைத்து ஆர்.என்.ஏ.வைக் காக்கும் ஆயத்தக் கரைசல்) போதும். அதிகம் போட்டால் அதிகம் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள், அழுக்குதான் கூடும். ட்ரைசாலில் ஃபீனால் இருக்கிறது, அதனால் இனி எல்லாம் ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் புகைக்கூண்டுக்குள்தான். குளோரோஃபார்ம் நைட்ரைல் கையுறையைச் சீக்கிரம் ஊடுருவும், பட்டால் உடனே மாற்றுங்கள். ட்ரைசால் கழிவில் குளோராக்ஸ் மாதிரி பிளீச் எதையும் ஊற்றவே கூடாது, நச்சுவாயு வரும்.

அறை வெப்பத்தில் 5 நிமிடம் விட்டு, 0.2 மில்லிலிட்டர் குளோரோஃபார்ம் சேர்த்து, கையால் 15 விநாடி நன்றாகக் குலுக்கி, 2-3 நிமிடம் வையுங்கள். குளோரோஃபார்ம் பிப்பெட்டிலிருந்து சொட்டிக்கொண்டே இருக்கும். முனையில் இரண்டு மூன்று முறை உறிஞ்சி வெளியே விட்டுவிட்டு அப்புறம் அளந்தால் சொட்டாது. பிறகு மையவிலக்கு இயந்திரத்தில் 4 டிகிரியில், 12,000 ஜி விசையில் (புவியீர்ப்பைப்போல் 12,000 மடங்கு), 15 நிமிடம் சுற்றுங்கள்.

நான் தடுக்கி விழுந்த இடம் இதற்கு அடுத்ததுதான், நிதானமாகப் படியுங்கள். குழாயில் மூன்று அடுக்கு தெரியும். கீழே ஃபீனால், நடுவில் மெல்லிய வெள்ளைப் படலமாக டி.என்.ஏ., மேலே நீர் அடுக்கில் நமக்கு வேண்டிய ஆர்.என்.ஏ. மேல் அடுக்கு அரை மில்லிலிட்டருக்குமேல் இருக்கும், முழுவதையும் எடுத்துவிடத்தான் கை போகும். நானும் அப்படித்தான் கடைசிச் சொட்டுவரை எடுத்தேன், ஒவ்வொரு முறையும் நடுப்படலம் கொஞ்சம் கூடவே வந்தது. ஒளி உறிஞ்சுதலை அளக்கும் நானோடிராப் கருவியில் 260/280 விகிதம் (தூய்மையின் அளவு, சுத்தமான ஆர்.என்.ஏ.வுக்கு 2.0 பக்கம் வரும்) 1.6-ஐத் தாண்டவில்லை, ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாகப் படியெடுக்கும் ஆர்.டி. நொதி சேர்க்காத கட்டுப்பாட்டுக் குழாயிலும் பி.சி.ஆர். பட்டை வந்தது, அதாவது டி.என்.ஏ. கலந்திருக்கிறது. இப்போது குழாயைச் சாய்த்துப் பிடித்து, 200 மைக்ரோலிட்டர் பிப்பெட்டால் இரண்டே முறை, மொத்தம் 400 மைக்ரோலிட்டர் எடுக்கிறேன். மீதி போகட்டும். விகிதம் 2.0-ஐத் தொட்டது அதற்குப் பிறகுதான்.

எடுத்ததில் அரை மில்லிலிட்டர் ஐசோபுரோப்பனால் சேர்த்து 10 நிமிடம் வைத்து, மறுபடி 12,000 ஜி-யில் 10 நிமிடம் சுற்றுங்கள். குழாயின் மூடிக் கீல் வெளிப்பக்கம் பார்க்கும்படி வைத்தால், அடியில் படியும் ஆர்.என்.ஏ. வீழ்படிவு கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் கீலுக்கு நேர்கீழேதான் இருக்கும். 75 சதவீத எத்தனாலில் கழுவி, 7,500 ஜி-யில் 5 நிமிடம். அப்புறம் 5 முதல் 10 நிமிடம் காற்றில் உலர்த்தினால் போதும். மொறமொறவென்று காய்ந்துவிட்டால் கரையாது. 30 மைக்ரோலிட்டர் ஆர்.என்.ஏஸ் இல்லாத நீரில் கரைத்து, பிரித்துப் பிரித்து மைனஸ் 80-இல் வையுங்கள்.

காலம் (column) கிட், அதாவது சிறு வடிகட்டிக் குழாயில் ஆர்.என்.ஏ.வைப் பிடித்துப் பிரிக்கும் ஆயத்தப் பெட்டி, வாங்கலாமா என்று கேட்கிறார்கள். வாங்கலாம், ஆனால் முதல் பத்து மாதிரியைக் கையால் செய்யுங்கள் என்பதே என் கருத்து, எந்த அடுக்கில் என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்த்தவருக்குத்தான் கிட் சொதப்பும்போது காரணம் புரியும்.

பின்சேர்க்கை: வெண்டையில் முயன்ற இரண்டு வாசகர்கள் வீழ்படிவு ஜெல்லி மாதிரி வருகிறது என்று எழுதியிருந்தார்கள். அது பாலிசாக்கரைடு, செடியின் கொழகொழப்பான சர்க்கரைச் சங்கிலி. அரை மில்லிலிட்டர் ஐசோபுரோப்பனாலுக்குப் பதிலாக 0.25 மில்லிலிட்டர் ஐசோபுரோப்பனாலும், 0.8 மோலார் சோடியம் சிட்ரேட்டும் 1.2 மோலார் உப்பும் (சோடியம் குளோரைடு) கலந்த கரைசல் 0.25 மில்லிலிட்டரும் சேருங்கள். ஜெல்லி கரைசலிலேயே தங்கிவிடும், ஆர்.என்.ஏ. மட்டும் இறங்கும். முற்றின முருங்கை இலைக்கு நானும் இதைத்தான் செய்கிறேன்.