பேச முடியாதவரின் வலியை முகத்தில் படிப்பது எப்படி?

மறதி நோய் முற்றிய ஒருவரிடம் "எங்கே வலிக்கிறது?" என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. பாதிக் கேள்வியிலேயே கவனம் நழுவிவிடும். அல்லது வலி என்ற சொல் நாவில் அகப்படாது. என் அம்மா, நைட்டி மாற்றும்போதெல்லாம் அண்ணியின் கையைத் தட்டிவிடுவார். வயதானால் வரும் அடம் என்றே இரண்டு மாதம் நினைத்திருந்தோம். இடது தோள் இறுகிப்போயிருக்கிறது, கையைத் தூக்கினாலே கடும் வலி எடுக்கும் என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் விளங்கியது. அம்மா தினமும் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். வீட்டில் இப்படி ஒருவரைப் பார்த்துக்கொள்பவர்கள் அந்த இரண்டு மாதத்தை இழக்கக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

படி 1: வலி இல்லாத முகத்தைப் பழகுங்கள்

சிலருக்கு நெற்றிச் சுருக்கம் பிறவியிலேயே உண்டு. சிலர் வாயை எப்போதும் இறுக்கித்தான் வைத்திருப்பார்கள். அதனால் அவருடைய சாதாரண முகம் எது என்று முதலில் தெரிய வேண்டும். மூன்று நான்கு நாள், காலைக் காப்பி குடித்து முடித்து நிம்மதியாக உட்கார்ந்திருக்கும் நேரத்தில், ஐந்து நிமிடம் சும்மா பாருங்கள். புருவம், உதடு, மடியில் கை கிடக்கும் விதம், மூச்சின் வேகம். ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

படி 2: அசையும்போது பாருங்கள்

என்னைக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம். படுத்திருக்கும்போது அமைதியாக இருப்பவரைப் பார்த்து, வலி இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். மூட்டு வலியும் முதுகு வலியும் பெரும்பாலும் அசைவில்தான் வெளிப்படும். புரட்டிப் படுக்க வைக்கும்போதும், குளிப்பாட்டும்போதும், நாற்காலியிலிருந்து எழுப்பும்போதும் பார்க்க வேண்டும். தூக்குபவரின் கண் தன் பிடியில் இருக்கும், முகம் தெரியாது. ஆகவே ஒருவர் தூக்கட்டும், இன்னொருவர் முகத்தை மட்டும் பார்க்கட்டும். எங்கள் வீட்டில் அப்படிப் பார்க்க யாரும் நிற்கவில்லை.

படி 3: முகத்தில் நான்கு இடங்கள்

பால் எக்மன், வாலஸ் ஃபிரீசன் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் முகத்தசைகளின் ஒவ்வோர் அசைவுக்கும் எண் கொடுத்து 1978இல் ஒரு முறையை வெளியிட்டார்கள். அதை வைத்து வலியை ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பக் கண்ட அசைவுகள் இவை: புருவங்கள் இறங்கி ஒன்றையொன்று நெருங்கும். கண்ணைச் சுற்றியுள்ள தசை இறுகிக் கன்னம் மேலெழும். மூக்கின் ஓரம் சுருங்கி மேலுதடு உயரும். கண் மூடும்.

இவை ஓரிரு நொடியில் வந்து மறைந்துவிடலாம். கோபத்திலும் புருவம் இறங்கும் என்பதால் ஒன்றை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். கோபக்காரரின் கண் பெரும்பாலும் எதிரில் இருப்பவரை முறைக்கும். வலிப்பவரின் கண் இடுங்கும். அடுத்த முறை அதே அசைவைச் செய்யும்போது அதே முகம் வருகிறதா என்று பாருங்கள்.

பார்க்கின்சன் நோய் உள்ளவர்களின் முகம் அசைவிழந்து முகமூடிபோல் இருக்கும். அவர்களிடம் முகத்தைவிட மூச்சையும் கைகளையும் நம்புங்கள். திடீரென்று வாய் ஒரு பக்கம் கோணினால் அதைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம். பக்கவாதமாக இருக்கலாம், உடனே 108ஐ அழையுங்கள்.

படி 4: கையும் காலும்

இறுக மூடிய கைமுஷ்டி, வயிற்றை நோக்கி மடக்கிய முழங்கால், ஓர் இடத்தை விடாமல் பொத்திக்கொண்டிருக்கும் கை, நம்மைத் தள்ளும் கை. தள்ளுவதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எந்த இடத்தைத் தொட்டபோது தள்ளினார் என்பதை எழுதுங்கள்.

படி 5: மதிப்பெண் போடுங்கள்

பேச இயலாத மறதி நோயாளிகளுக்காக 2003இல் அமெரிக்காவில் வெளியான பெயினாட் என்ற அளவுகோல் வீட்டிலும் பயன்படும். மூச்சு, முனகல், முகம், உடல் அசைவு, ஆறுதலுக்கு அடங்குதல் என்று ஐந்து. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை, மொத்தம் 10. உதாரணமாக முகம்: இயல்பாக இருந்தால் 0, வாடியோ பயந்தோ நெற்றி சுருங்கியோ இருந்தால் 1, வலியில் கோணினால் 2. ஐந்தாவதற்கு, கையைப் பிடித்துக்கொண்டு மெல்லப் பேசிப் பாருங்கள். அடங்கினால் 1, எதற்கும் அடங்காவிட்டால் 2. ஆறுதலே தேவைப்படாவிட்டால் 0.

மதிப்பெண் ஏறியதும் வலி மாத்திரையைக் கொடுத்துவிட வேண்டாம். பசி, குளிர், நனைந்த துணி, மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு ஆகியவையும் இதே அடையாளங்களைக் காட்டும். ஒவ்வொன்றாகப் பாருங்கள். இரண்டு நாள் வெவ்வேறு வேளைகளில் பார்த்தும் ஒரே அசைவில் மதிப்பெண் ஏறினால், நோட்டோடு மருத்துவரிடம் போங்கள். சிறுநீரே வராமல் இருந்தாலோ முனகல் ஓயாவிட்டாலோ இரண்டு நாள் காத்திருக்கக் கூடாது.

மருத்துவரிடம் "அம்மாவுக்கு ஏதோ செய்கிறது" என்பதைவிட, "இடது கையைத் தோளுக்கு மேல் தூக்கினால் கண்ணை இறுக மூடி, என் கையைத் தள்ளுகிறார், கீழே இறக்கியதும் முகம் தெளிந்துவிடுகிறது" என்று சொல்லுங்கள். எங்கே தொட்டுப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிடும். சிகிச்சை தொடங்கிய பிறகும் அதே கையைத் தூக்கும்போது அதே முகத்தைப் பார்த்து எழுதுங்கள். எங்கள் நோட்டில் 6 என்று இருந்தது, மூன்றாவது வாரத்தில் 2 ஆனது.