பாராசிட்டமால் மாத்திரையில் கேப்பிங்: அழுத்தத்தைக் கூட்டும் முன் பார்க்க வேண்டியவை

மாத்திரையின் மேல்வளைவு தகடாகப் பிரிந்து வருவதைத்தான் கேப்பிங் என்கிறோம். பாராசிட்டமால் 500 மில்லிகிராம் ஓடும் கம்ப்ரஷன் அறையில் இந்தப் பேச்சு அடிக்கடி எழும். எழுந்ததும் எல்லாருடைய கையும் அழுத்தத்தைக் கூட்டத்தான் போகும். தயவுசெய்து அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் கோளாறு பொடியில் இருக்கும், இயந்திரம் அதை வெளியே காட்டுகிறது, அவ்வளவுதான்.

வெட் கிரானுலேஷன் (பொடியை ஈரமாகப் பிசைந்து கிரானுல்ஸ் என்ற குறுமணிகளாக்குவது), ரோட்டரி பிரஸ் (மாத்திரை அடிக்கும் சுழல் இயந்திரம்), ஹார்ட்னஸ் டெஸ்டர் (மாத்திரையை உடைக்கத் தேவையான விசையை அளக்கும் கருவி) ஆகியவை உங்களுக்குப் பழக்கம் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

படி 1: பொடி எப்படி அமுங்குகிறது?

மருந்தோடு சேர்க்கும் நிரப்பிகளில் மைக்ரோகிரிஸ்டலைன் செல்லுலோஸ் (எம்சிசி) அழுத்தினால் தட்டையாகும், அப்படியே நிற்கும். டைகால்சியம் பாஸ்பேட் நொறுங்கும், நொறுங்கிய புதுப் பரப்புகள் ஒன்றோடொன்று ஒட்டும். சந்தையில் கிடைக்கும் வழக்கமான பாராசிட்டமால் படிகம் இரண்டிலும் சேராது. அழுத்தம் விலகியதும் விரிந்து பழைய இடத்துக்குத் திரும்பப் பார்க்கும். ஒட்டிய இடங்கள் அந்த விரிவைத் தாங்காவிட்டால் மாத்திரை பிளக்கும். ஒரு மாத்திரையில் 80 சதவீதத்துக்கு மேல் இந்த மருந்தே இருக்கும்போது துகள்களை ஒட்டவைக்கும் பைண்டர்தான் எல்லாச் சுமையையும் தாங்க வேண்டும். நான் ஸ்டார்ச் பேஸ்ட்டை மட்டும் நம்ப மாட்டேன், கூடவே பிவிபி கே-30 என்ற பைண்டரையும் சேர்ப்பேன்.

படி 2: கிரானுல்ஸ்

ஈர மாவின் பதம் புட்டு மாவுப் பதம்தான்: பிடித்தால் பிடிபட வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். உலர்த்தும்போதுதான் பலர் கோட்டை விடுகிறார்கள். நன்றாகக் காயட்டும் என்று எல்ஓடியை (உலர்த்தினால் குறையும் எடை, அதாவது மிச்சமுள்ள ஈரம்) 1 சதவீதத்துக்கும் கீழே இறக்கிவிட்டால் பைண்டர் விறைத்துப் போகும், வளைந்து கொடுக்காது. பாராசிட்டமாலுக்கு நான் 2 சதவீதத்தை ஒட்டியே நிறுத்துவேன். அதிகமானாலும் தொல்லை, பஞ்ச் (பொடியை அமுக்கும் உலோகத் தண்டு) முகத்தில் ஒட்டத் தொடங்கும்.

ஃபைன்ஸ், அதாவது நுண்தூள், எவ்வளவு என்று சல்லடையில் பாருங்கள். தூள் கூடினால் டையில் (பொடி நிரம்பும் அச்சுக் குழி) காற்று சிக்கும், ஓட்டமும் கெடும். ஓட்டத்துக்கு கார் இண்டெக்ஸ் போதும்: தட்டிய அடர்த்தியிலிருந்து தட்டாத அடர்த்தியைக் கழித்து, தட்டிய அடர்த்தியால் வகுத்து, 100-ஆல் பெருக்குங்கள். 15-க்குள் இருந்தால் நல்லது. 25-ஐத் தாண்டினால் ஒவ்வொரு டையும் ஒவ்வோர் எடை எடுக்கும். எடை மாறினால் ஹார்ட்னஸும் மாறும். அப்போது அழுத்தத்தைத் திருகி எந்தப் பயனும் இல்லை.

படி 3: மெக்னீசியம் ஸ்டியரேட் (பொடி ஒட்டாமலிருக்கச் சேர்க்கும் வழுக்கி)

0.5 முதல் 1 சதவீதம், 60 மெஷ்ஷில் சலித்து, கடைசியாகச் சேர்த்து, 3 முதல் 5 நிமிடம் கலந்தால் போதும். அதற்கு மேல் ஓடினால் அது ஒவ்வொரு துகளையும் மெல்லிய படலமாகப் போர்த்திவிடும், துகள்கள் ஒட்டுவதற்கு இடம் இருக்காது. எம்சிசியும் ஸ்டார்ச்சும் இதில் அதிகம் அடிபடும். நொறுங்கிப் புதுப் பரப்பு தருவதால் டைகால்சியம் பாஸ்பேட்டுக்குப் பாதிப்பு குறைவு.

படி 4: அழுத்த வளைகோடு

எனக்கு நெடுநாள் பிடிபடாமல் இருந்த இடம் இது. அழுத்தம் கூடக் கூட வலிமையும் கூடிக்கொண்டே போகும் என்றுதான் நினைப்போம். ஒரு கட்டம் வரை அது சரி. அதன்பின் கோடு படுத்து, கீழே இறங்கத் தொடங்கும். துகள்களுக்கு நடுவே இருந்த இடமெல்லாம் நிரம்பிய பிறகு, நாம் கூட்டும் விசை மீள்விசையாகச் சேர்ந்து, பஞ்ச் விலகும்போது மாத்திரையையே பிளக்கிறது.

ஆகவே 12.5 மில்லிமீட்டர் தட்டை பஞ்சில் 8, 12, 16, 20, 24 கிலோநியூட்டன் என்று ஐந்து அழுத்தங்களில் அடியுங்கள். எடை மாறக் கூடாது. ஒவ்வொன்றிலும் பத்து மாத்திரை எடுத்து ஹார்ட்னஸ், தடிமன் இரண்டையும் குறியுங்கள்.

எண்ணோடு நிறுத்தாமல் உடைந்த துண்டையும் பாருங்கள். நல்ல மாத்திரை விட்டத்தின் வழியே நேராக இரண்டு பாதியாகப் பிளக்கும். கேப்பிங்குக்குத் தயாராக இருக்கும் மாத்திரையில் மேல்தகடு கிடைமட்டமாகக் கழன்று விழும். ஹார்ட்னஸ் இன்னும் இறங்காமல் இருக்கும்போதே இது தெரிந்துவிடும். அந்த அழுத்தத்துக்கு ஒரு படி கீழேதான் உங்கள் வேலை எல்லை.

ஹார்ட்னஸை அப்படியே ஒப்பிடாதீர்கள், இழுவிசை வலிமையாக மாற்றுங்கள்: 2 × விசை ÷ (3.14 × விட்டம் × தடிமன்). 12.5 மில்லிமீட்டர் விட்டம், 4.2 தடிமன், 10 கேபி (கிலோபாண்ட்), அதாவது 98 நியூட்டன் என்றால் சுமார் 1.2 மெகாபாஸ்கல். அதே 10 கேபி, 8 மில்லிமீட்டர் விட்டமும் 3 தடிமனும் உள்ள மாத்திரையில் 2.6 மெகாபாஸ்கல். எண் ஒன்று, வலிமை இரு மடங்குக்கும் மேல். இந்தச் சூத்திரம் தட்டை மாத்திரைக்கு, அதுவும் நேராகப் பிளந்தால் மட்டுமே பொருந்தும்.

டெஸ்டரில் மோட்டார் வைத்ததையே வாங்கச் சொல்வேன். கையால் திருகும் கருவியில் ஆளுக்கு ஆள் வேகம் மாறும், எண்ணும் மாறும்.

படி 5: வேகம்

டரட்டின் (பஞ்ச்களையும் டைகளையும் சுமந்து சுழலும் வட்டு) வேகத்தைப் பாதியாக்கிப் பாருங்கள். கேப்பிங் குறைந்தால் சிக்கல் காற்றிலோ டுவெல் டைமிலோ இருக்கிறது. வேகம் கூடினால் பஞ்ச் தலை ரோலரின் அடியில் நிற்கும் நேரம், அதாவது டுவெல் டைம், குறையும், துகள் அமுங்கி நிலைக்க அவகாசம் கிடைக்காது. ப்ரீ-கம்ப்ரஷனை (முக்கிய அழுத்தத்துக்கு முந்தைய லேசான அழுத்தம்) கூட்டினால் காற்று முன்பே வெளியேறும், பல நேரம் அதுவே போதும்.

படி 6: பிரையபிலிட்டி (டிரம்மில் உருட்டினால் எவ்வளவு உதிர்கிறது)

650 மில்லிகிராம் வரையுள்ள மாத்திரைக்கு மொத்தம் 6.5 கிராமை ஒட்டி எடுக்க வேண்டும். 600 மில்லிகிராம் என்றால் 11 மாத்திரை. தூசி தட்டி எடை போட்டு, நிமிடத்துக்கு 25 சுற்று வீதம் 100 சுற்று. இழப்பு 1 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஒரே ஒரு மாத்திரை பிளந்தாலும், இழப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும், தேறவில்லை என்றே பொருள். கேப்பிங்கைப் பிடிக்க இதைவிட நேர்மையான சோதனை எனக்குத் தெரியாது. அப்புறம், டிசின்டக்ரேஷனையும் கூடவே பாருங்கள். பூச்சில்லாத மாத்திரை 15 நிமிடத்துக்குள் தண்ணீரில் உடைந்து உதிராவிட்டால் அந்த வலிமையால் நோயாளிக்கு என்ன பலன்?

பின்சேர்க்கை

எல்லாம் செய்தும் சில பஞ்ச் நிலையங்களில் மட்டும் கேப்பிங் வருகிறது என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். அந்த டைகளைக் கழற்றி உள்சுவரை நகத்தால் தடவுங்கள். கம்ப்ரஷன் நடக்கும் மட்டத்தில் தேய்ந்து ஒரு பள்ள வளையம் தட்டுப்படும். அங்கே விரிந்த மாத்திரை, வெளியேறும்போது மேலுள்ள குறுகிய பகுதியில் நெரிபட்டுப் பிளக்கிறது. இருபுறமும் பயன்படுத்தக்கூடிய டை என்றால் தலைகீழாகத் திருப்பிப் போடலாம். மறுபக்கமும் தேய்ந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

இன்னொருவர், அடித்த உடனே சரியாக இருந்தவை மறுநாள் டப்பாவில் பிளந்திருந்தன என்றார். மீள்வு பஞ்ச் விலகியதோடு நிற்பதில்லை, சில மணி நேரம் தொடரும். முதல் சோதனை ஓட்டத்தின் மாத்திரைகளை 24 மணி நேரம் மூடி வைத்து, தடிமனையும் பிரையபிலிட்டியையும் மறுபடி பார்த்துவிட்டுத்தான் அழுத்தத்தை உறுதி செய்யுங்கள்.