லூயிஸ்பர்க் செல்வோர் மதிலுக்கு வெளியே தொடங்குங்கள்
கனடாவின் கேப் பிரெட்டன் தீவில் 1713-இல் பிரெஞ்சுக்காரர் குடியேறிய லூயிஸ்பர்க் நகரின் ஒரு பகுதி, 1744-ஆம் ஆண்டில் இருந்தபடியே மீட்டுக் கட்டப்பட்டு, கோடையில் அக்கால உடையணிந்தோரால் உயிர்ப்புடன் காட்டப்படுகிறது. அங்கே செல்வோர் பீரங்கிகளை நோக்கி விரையாமல், நகர மதிலின் டாஃபின் வாயிலுக்கு வெளியே, கூரையில் புல் வளர்ந்து நிற்கும் மீனவர் வீட்டில் தொடங்குவது நல்லது. அவ்வூரைச் செழிக்க வைத்தது பீரங்கி அன்று, காட் மீன் கருவாடுதான். மீனைப் பிளந்து, நடுமுள்ளை நீக்கி, உப்பிட்டு, அடியிலும் காற்றுப் புகும் மரப்பந்தல்களில் பரப்பி, இரவில் பனியும் மழையும் சதையில் இறங்காதபடி தோல்புறம் மேலாகத் திருப்பி வைப்பார்கள். நம் கடற்கரைக் கருவாட்டை அறிந்தவர்க்கு இது பாதி புரிந்த பாடம்; மீதியை அங்கிருப்பவரிடம் கேட்டறியலாம். கோடையிலும் கடல்மூடுபனி குளிரும் என்பதால், கம்பளிச் சட்டை ஒன்றை மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்.